சொந்தக்காரர் யாருமில்லை என்று சொன்னேன்

பத்திரிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தபோது நான் மலேசியாவின் ஈப்போவில் ஓர் ஈயக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். ஆட்களின் சம்பள விவரங்களை அட்டைகளில் துளையாகப் போட்டு கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது என் வேலை. சமூகவியல் படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு அட்டையில் ஓட்டை போடும் வேலைதான் கிடைத்திருக்கிறது என்று சர்ச்சில் சிலர் என் காதுபடவே பேசிக்கொள்வார்கள்.

ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சியாளர்களைத் தேடியது. சமூகவியல் படித்திருக்க வேண்டும், கம்ப்யூட்டர் பழக்கம் இருந்தால் நல்லது, தமிழ் பேசத் தெரிந்தால் இன்னும் நல்லது என்று போட்டிருந்தார்கள். யாரோ என்னை நினைத்துக்கொண்டே எழுதியதுபோல் இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா கான்வென்ட் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பார். அப்பா இறந்தபிறகு அந்தத் தையல் மெஷின்தான் என்னைப் படிக்க வைத்தது. பெடலை நிறுத்தாமலே கேட்டார்.

“கம்ப்யூட்டருக்கும் சனங்களுக்கும் என்னடி சம்பந்தம்?”

“ரப்பர் தோட்டத்துல இருந்து டவுனுக்கு வந்த குடும்பங்க எத்தனையோ இருக்கும்மா. யார் என்ன வேல பாக்குறாங்க, புள்ளைங்க எதுவரைக்கும் படிக்குதுங்க, யார் திரும்பிப் போனாங்க, எல்லாத்தையும் கேட்டுட்டு வந்து நம்பரா மாத்திக் கம்ப்யூட்டருக்குக் குடுப்பாங்க. மனுசன் உக்காந்து பாத்தா புடிபடாதத அது காட்டும்.”

“அப்ப தோட்டத்துக்கெல்லாம் போவணுமா?”

“போவணும்.”

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “போறதுன்னா போ. அங்க தண்ணி கிண்ணி குடிக்காத” என்றார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நேர்முகத்தேர்வை ஈப்போவிலேயே வைத்திருந்தார்கள், கடைவீதியில் ஒரு கட்டடத்தின் மாடியில். வெளியே பெஞ்சில் எனக்கு முன்பே ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புது செருப்பு. ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

“நான் பொறந்ததே லயத்து வீட்டுலதான்லா. எங்க தோட்டத்துல டிகிரி முடிச்சது நான் ஒருத்தன்தான். எங்க அக்கா இன்னும் அங்கதான் பால் வெட்டுது. இந்த வேலைக்கு என்னைய விட்டா யாரு?” என்று சிரித்தார். அதில் கர்வம் இல்லை. உண்மையில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் தோட்டத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார். முகம் அப்படியே மாறியிருந்தது.

“என்ன ஆச்சுங்கண்ணே?”

“முடியாதாம்.”

“ஏன்?”

“தோட்டத்துல சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கேட்டாங்க. பெருமையா எங்க அக்காவச் சொன்னேன். இருந்தா எடுக்க மாட்டாங்களாம்.” அவருக்கே நம்பிக்கை வராதவர்போல இன்னொரு முறை சொன்னார். “அக்கா இருக்குன்னு எடுக்க மாட்டாங்களாம்.”

கம்ப்யூட்டர் தெரியாது, ஆங்கிலம் போதாது என்று சொல்லியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். அவர் ஒரு தாளில் தன் ஊர்க் கடையின் டெலிபோன் நம்பரை எழுதி என்னிடம் கொடுத்தார். “மனசு மாறினாங்கன்னா சொல்லுங்க” என்று படியிறங்கிப் போனார். உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் திட்டத்துக்குத் தலைமை தாங்கும் பேராசிரியை, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மலாய்க்கார அம்மையார். பேச்சு அளந்துதான் வரும், ஆனால் கண்ணில் கனிவு இருந்தது. மற்றவர் கம்ப்யூட்டர் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சீன விரிவுரையாளர், பக்கத்துக் காம்பார் ஊர்க்காரர். நான் துளை அட்டைகளில் வேலை செய்கிறேன் என்றதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார். ‘தெரியாது’ என்று ஒருவர் சொன்ன பதிலையும் பதிலே சொல்லாமல் விட்டதையும் ஒரே எண்ணாகப் போடலாமா என்றார். கூடாது, இரண்டும் வேறு வேறு என்றேன். அவர் பேராசிரியையைப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைசியில் பேராசிரியை கேட்டார். “உங்களுக்குத் தோட்டத்தில் சொந்தக்காரர்கள் உண்டா?”

“யாருமில்லை. அப்பா டவுன்காரர். அம்மா அநாதை, ஈப்போ கான்வென்ட் சிஸ்டர்மார் வளர்த்தவர்.”

“நல்லது” என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அதை ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. முன்பு ஒரு ஆய்வில் தோட்டத்திலேயே வளர்ந்த ஒருவரை வேலைக்கு எடுத்தார்களாம். அவர் தெரிந்த வீடுகளுக்குப் போகாமலே, இவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று தானே பதில்களை நிரப்பிவிட்டாராம். கம்ப்யூட்டர் அதையும் உண்மை என்றே எடுத்துக்கொண்டது. மொத்த உழைப்பும் வீண். “பழகிய கண்ணுக்கு முன்னாலிருப்பது தெரியாது. அதனால்தான் வெளி ஆளாகத் தேடுகிறோம்” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பெஞ்சில் இருந்தவரின் முகம் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த கட்டம் களத்தில் ஒரு பரீட்சை. சனிக்கிழமை ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போவார்கள், சில வீடுகளில் கேட்டு எழுதிவர வேண்டும். எந்தத் தோட்டம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். அதனால் அம்மாவிடமும் என்னால் சொல்ல முடியவில்லை.

விரிவுரையாளர் தன் காரிலேயே கூட்டிப்போனார். செமோரைத் தாண்டி ஒரு செம்மண் பாதையில் திரும்பி, ரப்பர் பால் எடுக்கும் கித்தா மரங்களுக்கு நடுவே நெடுந்தூரம் போய், லயங்களுக்கு முன்னால் நிறுத்தினார். நீளமான பலகைக் கட்டடத்தைத் தடுத்துத் தடுத்து ஆக்கிய வீடுகள். வாசலில் துணி காய்ந்தது. பால் வெட்டப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலின் புளித்த வாடை காற்றில் அடித்தது. விரிவுரையாளர் கார் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நான் எப்படிப் பேசுகிறேன் என்று தூரத்திலிருந்து பார்ப்பது அவர் வேலை.

முதல் வீடுகளில் நன்றாகவே போயிற்று. கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பற்றித்தான் விசாரித்தார்கள். கல்யாணம் ஆயிருச்சா, எந்த ஊரு, என்ன சாதி. கிறிஸ்தவர் என்றதும், “வேதக்காரவங்களா, உக்காருங்க” என்று பலகையைத் துடைத்துப் போட்டார்கள்.

அடுத்த வாசலில் ஓர் அம்மா அப்போதுதான் வேலைவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, கைலி, தலையில் துணி கட்டியிருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் நிமிர்ந்து தலைத்துணியை அவிழ்த்து உதறினார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் நெற்றிக்கு நேர்மேலே ஒரு கற்றை முடி பிறவியிலேயே வெள்ளை. அம்மாவுக்கும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் என்னைக் கிண்டல் செய்து அழவைத்திருக்கிறார்கள். அம்மாவையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாவின் நெற்றிக்கு மேலே, அதே இடத்தில், அதே அகலத்துக்கு வெள்ளை முடி.

அவரும் என் தலையைத்தான் பார்த்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. கால் கழுவின ஈரத்தோடு என் பக்கத்தில் வந்து, கேட்காமலே என் முடியைத் தொட்டுப் பார்த்தார். சாயம் பூசியிருக்கிறேனா என்று பார்ப்பதுபோல் விரலால் தேய்த்தார்.

“யாரு பெத்த புள்ள நீ?”

அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

“அது வேதக்காரப் பேரு. அதுக்கு முந்தி என்னா பேரு?”

அதற்கு முன் ஒரு பெயர் இருந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தெரியாது என்றேன்.

“எங்க வளந்தா?”

“ஈப்போ கான்வென்ட்ல.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு சத்தமில்லாமல்தான் வந்தது.

“ஜப்பான்காரன் காலத்துல எங்கப்பாவ சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிக்கிட்டுப் போனான். திரும்பி வரல. அம்மாவும் செத்துப்போச்சு. டவுன்லருந்து சர்ச்சு சாமியார் வந்து எங்கக்காவக் கான்வென்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. எனக்கு அப்ப காய்ச்ச. எந்திரிக்க முடியல. நல்லானதும் வந்து கூட்டிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனா. இந்த வாசல்ல நின்னுதான் சொன்னா. அவளுக்கு நெத்தியில இப்படித்தான் இருக்கும்.”

நான் கையிலிருந்த பேனாவை மூடக்கூட மறந்து நின்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உசுரோட இருக்காளா?”

“இருக்காங்க.”

“நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்காங்க. துணி தைக்கிறாங்க.”

“ஈப்போவுலதான் இருக்காளா? இங்க இருக்குற ஈப்போவுலயா?”

ஆமாம் என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்பு இல்லை. பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரம் அது. “சரி. நீ போ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காரில் விரிவுரையாளர் என்ன நடந்தது என்று கேட்டார். தலைவலி என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் கண்ணாடியில் என் தலைமுடியைப் பார்த்தது எனக்குத் தெரியும்.

வீடு வந்து சேரும்வரை எனக்கு அம்மாவின் மேல்தான் கோபம் பொங்கியது. இத்தனை வருடம் தங்கையை விட்டுவிட்டு, யாருமே இல்லை என்று எப்படிச் சொல்ல முடிந்தது? தோட்டத்தில் பிறந்ததைச் சொல்ல வெட்கமா? தோட்டத்துத் தண்ணீரைக் குடிக்காதே என்று சொன்னது இதற்குத்தானா?

அம்மா மெஷினில் இருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களாம்மா?”

பெடல் நின்றது. சக்கரம் மட்டும் கொஞ்சம் தானாகச் சுற்றி நின்றது.

“இருந்தா” என்றார். “செத்துட்டா.”

“யார் சொன்னா?”

“காய்ச்சல்ல போயிட்டா. நான் கான்வென்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே. சேதி வந்துச்சு.”

“நான் இப்ப அவங்களப் பாத்துட்டு வாரேன்.”

அம்மா கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஊசிக்குக் கீழே இருந்த துணியை வெளியே இழுக்கப் பார்த்தார். வரவில்லை. விடாமல் இழுத்தார். துணி கிழிந்தது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நெத்தியில?” என்று மட்டும் கேட்டார்.

“உங்களுக்கு இருக்குற மாதிரியே.”

என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அம்மா என்னிடம் எதையும் மறைக்க நினைக்கவில்லை. தோட்டத்தைப் பற்றிப் பேசினால் தங்கையைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதனால் அந்த வாழ்க்கையையே மூடி வைத்துவிட்டார். தண்ணீர் குடிக்காதே என்றதும் அந்தக் காய்ச்சல் பயத்தில்தான்.

“நான் போய்ப் பாத்திருக்கணும்” என்றார் பிறகு. “பெரியவளானதும் போயிருக்கலாம். போனா மண்ணு மேட்டக் காட்டி இதுதான்னு சொல்வாங்க. அதுக்குப் பயந்துட்டேன்.”

மறுநாள் பூசை முடிந்ததும் அம்மா வீட்டுக்கு வரவில்லை. சர்ச் வாசலிலிருந்தே பஸ் நிலையத்துக்கு நடக்க ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே போனேன். செமோரில் இறங்கி ஒரு டாக்சி பிடித்தோம். லயங்களைப் பார்த்ததும் அம்மா, எந்த வீடு என்று நான் காட்டுவதற்கு முன்பே அந்த வாசலுக்குப் போய் நின்றுவிட்டார்.

சின்னம்மா கதவைத் திறந்தார். சின்னம்மா என்று எழுத இப்போது சுலபமாக இருக்கிறது. அன்று எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா கையை நீட்டினார். சின்னம்மா பின்னால் நகர்ந்தார்.

“என்னா இப்ப?” என்றார் சின்னம்மா. “இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?”

“நீ செத்துட்டேன்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

“கான்வென்டுக்கு ரொட்டி கொண்டாந்து போடுவாரே, அவரு சொன்னாரு. பக்கத்து வீட்டு அக்கா சொல்லியனுப்புனாங்கன்னாரு. உன்னயப் பொதைச்சாச்சு, நீ வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்களாம்.”

பக்கத்து வீட்டு அக்கா என்பவர் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. உள்ளே சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாலை போட்ட ஒரு புகைப்படம் இருந்தது, காதில் பெரிய தோடு போட்ட ஒரு அம்மாள். சின்னம்மா திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். அந்தப் படத்தில் இருந்தவர்தான் அந்த அக்கா, மற்றதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மா கான்வென்டுக்குப் போனபிறகு காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தன் பிள்ளையாக எடுத்து வளர்த்தது அந்த அம்மாள்தான். அவருக்குப் பிள்ளை இல்லை. கான்வென்ட்காரர்கள் இந்தப் பிள்ளையையும் கூட்டிப்போய்விடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அக்காவிடம் தங்கை செத்துவிட்டாள் என்று சொல்லியனுப்பிவிட்டு, தங்கையிடம் அக்கா மறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார்.

“பொய் சொல்ற” என்றார் சின்னம்மா. “எங்கம்மா அப்படிச் செய்ய மாட்டாங்க.”

அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்தார்.

“எனக்குச் சோறு ஊட்டுனவங்க அவங்க. எனக்குக் கல்யாணம் செஞ்சு வச்சவங்க. சாகுறப்ப என் மடியிலதான் செத்தாங்க. அவங்க அப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க.” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இடிந்து விழுந்ததை நான் பார்த்தேன். அன்றுபோல் ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பிரிந்துபோன அக்கா திரும்பக் கிடைத்த அதே நேரத்தில், வளர்த்த அம்மா அவரிடமிருந்து போய்க்கொண்டிருந்தார்.

அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்தார். “அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல” என்றார். “உன்னயக் காப்பாத்துனாங்க. எனக்கு அது போதும்.”

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சின்னம்மா எங்களுக்குக் கோப்பி கலந்து கொடுத்தார். எங்கள் எதிரில் உட்காராமல் அடுப்புப் பக்கத்திலேயே நின்றார். கிளம்பும்போது, “டாக்சி நிக்குது, போங்க” என்றார். அவ்வளவுதான்.

இறுதி நேர்முகத்தேர்வு அடுத்த வாரம். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றாமலில்லை. ஆனால் ‘யாருமில்லை’ என்று நான் சொன்ன அதே மேசை அது. உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னேன்.

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விரிவுரையாளர் வாயைத் திறந்தபடி இருந்தார். பேராசிரியை முன்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

“உங்கள் அம்மாவும் அவர் தங்கையும் எங்களுக்குப் பேட்டி கொடுப்பார்களா? இப்படி ஒரு விவரம் எங்களுக்குக் கிடைப்பது அபூர்வம்.”

அம்மா கிழித்த அந்தத் துணி கண்முன் வந்தது. என் அம்மா அவருக்கு ஒரு விவரம். நானும் படித்துவிட்டு வந்து இத்தனை நாள் மற்றவர்களின் அம்மாக்களை இந்தச் சொல்லால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். “மாட்டார்கள்” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. “மன்னியுங்கள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார். மனதிலிருந்து வந்த வார்த்தை அது. பிறகு கைகளைக் கோத்துக்கொண்டு, “ஆனால் விதி இருக்கிறது. இப்போது உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். நான் உங்களை எடுக்க முடியாது” என்றார்.

எதிர்பார்த்ததுதான். எழுந்துகொள்ளப் போனேன். விரிவுரையாளர் உட்காரும்படி கையைக் காட்டினார்.

“போன வாரம் இவர் தகுதியானவர், இந்த வாரம் இல்லை” என்றார் அவர். “இடையில் இவர் என்ன தப்புச் செய்தார்? ஒன்றைத் தெரிந்துகொண்டார். அப்படியானால் நாம் தேர்ந்தெடுப்பது தெரியாதவர்களையா? என் அப்பா காம்பாரில் ஈயச் சுரங்கத்தில் தண்ணீரில் நின்று வேலை செய்தவர். நீங்கள் சுரங்கத்தைப் பற்றி ஆராய்ந்தால் என்னையும் வெளியே அனுப்பிவிடுவீர்களா?”

“பழைய ஆய்வு எப்படிக் கெட்டது என்று உங்களுக்கே தெரியும்” என்றார் பேராசிரியை.

“தெரியும். அந்த ஆள் போகாத வீட்டுக்குப் போனதாக எழுதினார். அது பொய். அதற்கும் அவர் சொந்தக்காரர்களுக்கும் சம்பந்தமில்லை. இந்தப் பெண் தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே வந்து உண்மையைச் சொல்கிறார்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று பேராசிரியை என்னை அனுப்பிவைத்தார். சில வாரங்கள் கழித்து, ஈயக் கம்பெனி அலுவலகத்துக்கு அவரே டெலிபோன் செய்தார். விதியை மாற்றிவிட்டார்களாம். சொந்தக்காரர் இருக்கும் தோட்டத்துக்கு மட்டும் ஒருவரை அனுப்பமாட்டார்கள், மற்றபடி தடையில்லை. என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு முன்னால் வந்த அந்த இளைஞரையும் எடுக்கத் தயார், அவர் விலாசத்துக்கு எழுதப் போகிறோம் என்றார்.

இந்த நல்ல சேதியை நானே முதலில் சொல்ல வேண்டும் என்று ஆசை. கடை நம்பருக்கு அடித்தேன். கடைக்காரர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். மூச்சிரைக்க வந்து எடுத்தவரிடம் காம்பார்காரர் எனக்காகப் பேசி விதி மாறிய கதையைச் சொன்னேன்.

“வேணாம்லா. நான் இங்க ஸ்கூல்ல தற்காலிக வாத்தியாரா சேந்துட்டேன்” என்றார்.

“அது தற்காலிகம்தானே அண்ணே. இது நீங்க ஆசப்பட்ட வேலையாச்சே.”

“நான் அன்னைக்கு எங்க அக்காவச் சொன்னப்ப அந்தக் காம்பார்காரரும் அங்கதான உக்காந்திருந்தாரு?”

“ஆமா.”

“நானும் உண்மையத்தான் சொன்னேன். எனக்காக அவரு ஒண்ணும் பேசலியே.”

அவர் குரலில் கோபமில்லை. எனக்குக் கிடைத்த நியாயம் அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? தலையில் வெள்ளை முடியும், சொல்ல ஒரு கதையும் இருந்ததாலா? “நீங்க சேருங்க, நல்லா செய்யுங்க” என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார்.

நான் சேர்ந்தேன். பல தோட்டங்களுக்கும் டவுன் குடியிருப்புகளுக்கும் போனேன். கேட்டு வந்ததை எண்களாக்கிக் குளிரூட்டிய அறையில் இருந்த கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். பிறகு சில வருடங்களில் வேறு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் என்னையும் உட்காரவைத்தார்கள். வருகிறவர்களிடம் என்ன கேட்பது என்று ஒவ்வொரு முறையும் திணறுவேன். அந்தக் காம்பார்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

இதற்கிடையில் அம்மா மாதந்தோறும் செமோருக்குப் போய்வந்தார். முதலில் கதவு திறக்கும், பேச்சு இருக்காது. பிறகு தைத்த சட்டைகளைக் கொண்டுபோனார். சின்னம்மா அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அம்மா பிரித்துத் தைத்துக்கொண்டு மறுபடி போனார். அந்தத் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, சின்னம்மாவின் குடும்பம் ஈப்போவில் எங்கள் பக்கத்துத் தெருவுக்கே வாடகைக்கு வந்தது.

ஒரு நாள் காலை பசாரில் மீன்காரர் முன்னால் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை போடுவதைப் பார்த்தேன். எந்த மீன் புதுசு என்பதுதான் விஷயம். ஒருவர் எடுத்து வைப்பதை மற்றவர் எடுத்துக் கூடையில் திரும்பப் போட்டார். சீன மீன்காரர் யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விலக்கிவிட ஓடினேன்.

“நீ சும்மா இரு” என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.